ஜன்னலுக்குக் கீழே விட்டுவைத்த இரண்டு நிரை

அன்றைக்கு அந்த அறைக்குள் மொத்தம் ஆறு பேர் இருந்தோம். எண்ணிச் சொல்கிறேன், எண்ணாவிட்டால் எனக்கு எதுவும் ஓடாது. பெரிய டாக்டர் ஒன்று. பயிற்சி கொடுக்கும் மிஸ் இரண்டு. சக்கர நாற்காலியில் ஞானம்மா மூன்று. அவளுக்குப் பின்னால் சுவரோடு ஒட்டி நின்ற அவள் மகள் மரியா நான்கு. ஆட்களின் நாள் கணக்கு எழுதும் செக்ரோல் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த தோட்டத்துக் கணக்கப்பிள்ளை ஐந்து. நாற்காலியின் பிரேக்கை மூன்றாவது தடவையாகக் காலால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்த நான் ஆறு. ஜன்னலுக்கு வெளியே, தேயிலைக்குள் மூன்று பெண்கள் நின்றார்கள். அவர்களை அறைக்குள் சேர்க்க முடியாது. ஆனால் அன்றைக்கு வேலை பார்த்தது யார் என்று கேட்டால் அவர்களைத்தான் முதலில் எண்ணுவேன்.

இந்தப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கச்சிமாரே, எந்த நோயாளிக்கு எந்தப் பயிற்சி, எத்தனை தடவை என்பதை நான் எழுத வேண்டியதில்லை. அதற்குப் படித்தவர்கள் இருக்கிறார்கள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். இருபத்திரண்டு வருஷம் இந்த ஆஸ்பத்திரியில் நாற்காலி தள்ளினேன், கை கால் பிடித்துவிட்டேன், சுடுதண்ணீர் வைத்தேன். ஒரு மனுசர் முன்னால் நிற்கும்போது நான் எங்கே பிழை விட்டேன் என்பதைத்தான் எனக்குச் சொல்லத் தெரியும். அதிலும் ஒரு பிழையைப் பற்றித்தான் இன்றைக்கு எழுதுகிறேன். அந்தப் பிழைக்குள்தான் என் வாழ்க்கையில் நான் பார்த்த பெரிய அதிசயம் இருந்தது.

எனக்குப் பயம் கூடப்பிறந்தது. பஸ் ஏறிய பிறகு இறங்கி ஓடிவந்து, சுடுதண்ணீர் அடுப்பு அணைந்திருக்கிறதா என்று பார்த்திருக்கிறேன். நோயாளி எழுந்து நின்றால் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வேன். விழப்போவதாக அவருக்கே தோன்றாது, எனக்குத் தோன்றும். இன்னொன்றும் உண்டு. ஓடுகிற பஸ்ஸிலிருந்து கொண்டக்டர் குதித்து இறங்கினால், சீட்டுக்கு அடியில் என் காலும் தரையைத் தேடும். யாராவது தளும்பத் தளும்பத் தேத்தண்ணி தூக்கி வந்தால் என் கை தானாக மட்டம் பார்க்கும். இதெல்லாம் நரம்புக் கோளாறு என்றுதான் நான் நினைத்திருந்தேன். வெட்கத்தில் யாரிடமும் சொன்னதில்லை.

வெளியூரிலிருந்து வந்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தோட்டத்தில் 'பேர்' என்றால் ஆளின் பெயர் மட்டும் இல்லை. ஒரு நாள் சம்பளமும் பேர்தான். குறித்த கிலோ கொழுந்து எடுத்தால் ஒரு பேர். குறைந்தால் அரைப் பேர். வேலைக்குச் சேர்ந்தால் பேர் பதிந்தாயிற்று என்பார்கள். இனிமேல் முடியாது என்றால் பேர் வெட்டியாயிற்று என்பார்கள். என் அம்மா மழையில் சறுக்கிக் காலை உடைத்த வருஷம் அவள் பேரை வெட்டினார்கள். வீட்டில் ஒரு பேர் இருக்க வேண்டுமே. என் பேர் பதிந்தார்கள். என் படிப்பு அதோடு சரி.

ஞானம்மா கதையும் அந்த இடத்தில்தான் வந்து நின்றது. ஆஸ்பத்திரியை ஒட்டியே இருக்கும் தோட்டத்தில் அவள் கொழுந்து எடுத்தாள். வயது நாற்பத்தாறு. புருஷன் இல்லை. ஒருநாள் காலையில், வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் நிற்கும்போது வலது பக்கம் வாதம் அடித்துவிட்டது. கால் மெதுவாகத் திரும்பி வந்தது. கை வரவில்லை. மகள் மரியா ஹட்டன் பள்ளிக்கூடத்தில் உயர்தர வகுப்பில் இருந்தாள், பரீட்சைக்கு நான்கைந்து மாதம் இருந்தது. மாதக் கடைசியில் பெரிய டாக்டர் ஞானம்மாவைப் பார்த்து, வேலைக்கு ஆவாளா மாட்டாளா என்று ஒரு தாளில் எழுதுவார். ஆக மாட்டாள் என்று எழுதினால் அம்மாவின் பேர் வெட்டுப்பட்டு மகளின் பேர் பதிவாகும். மரியா அதை என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். ஏதோ பஸ் நேரம் சொல்வது மாதிரிச் சொன்னாள்.

அது சண்டையில் மூடிக்கிடந்த ஏ-நைன் பாதை யாழ்ப்பாணத்துக்குத் திறந்த வருஷம். எங்கள் மிஸ் யாழ்ப்பாணம். என்னைவிடப் பத்து வயது இளையவர், ஆனால் அவர் முன்னால் நான் உட்கார்ந்ததில்லை. பாதை திறந்ததும், பல வருஷம் காணாத தாய் தகப்பனைப் பார்க்க மூன்று கிழமை லீவு போட்டார். போகும்போது ஞானம்மாவுக்குச் செய்ய வேண்டியதை ஒரு தாளில் எழுதித் தந்தார். பந்தை அமுக்கவேண்டும், கோப்பையைப் பிடிக்கவேண்டும், மரக்குச்சிகளைத் துளையில் போடவேண்டும். ஒவ்வொன்றும் இத்தனை தடவை.

பயிற்சி அறையின் பெரிய ஜன்னலைத் திறந்தால் கீழே தேயிலை மலைதான். மிஸ் போன இரண்டாம் நாள், கொழுந்து எடுக்கும் சுற்று அந்த மலைக்கு வந்தது. வந்தது ஞானம்மாவின் கூட்டமே. காளியம்மா என்ற பெண்ணின் சத்தம் முதலில் கேட்டது, பிறகு கூடைகள் தெரிந்தன. ஞானம்மா பந்தை விட்டுவிட்டு அவர்களைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே அழுதாள். வாய் ஒரு பக்கம் கோணியிருந்ததால் அந்த அழுகைக்குச் சத்தமும் சரியாக வரவில்லை.

எனக்குத் தாங்கவில்லை. ஒரு பெட்ஷீட்டை எடுத்து ஜன்னலுக்குக் குறுக்கே ஆணி அடித்துக் கட்டினேன். நாற்காலியையும் சுவர்ப் பக்கம் திருப்பிவைத்தேன். நல்ல காரியம் செய்தேன் என்றே நினைத்தேன். மூன்று கிழமையும் அந்தச் சுவரைப் பார்த்தபடி அவள் பந்தோடு மல்லுக்கட்டினாள். நான் எண்ணினேன். ஒரு தடவைகூடக் கணக்குக் குறையவில்லை. கை மட்டும் ஈரச் சாக்கு மாதிரி மடியில் கிடந்தது.

மிஸ் திரும்பி வந்த காலையில் கதவைத் திறந்ததும் பார்த்தது என் பெட்ஷீட்டைத்தான்.

"ஆர் இதைக் கட்டினது?"

நான்தான் என்றேன். அவள் பார்த்து அழுகிறாள் என்றேன். மிஸ் ஞானம்மாவிடம் போய்க் குனிந்து, வெளியே பார்க்க விருப்பமா என்று கேட்டார். ஞானம்மா என்னைத்தான் பார்த்தாள். என் மனம் நோகுமோ என்று யோசித்திருக்கிறாள். பிறகு தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலை என்னால் இன்றும் சுலபமாக நினைக்க முடியாது. மூன்று கிழமையாக அவளிடம் அதை நான் கேட்கவே இல்லை.

மிஸ் பெட்ஷீட்டை உருவினார். கீழே சுற்று நடந்துகொண்டிருந்தது. பதினைந்து இருபது பெண்கள் நிரையில் நின்று எடுத்துக்கொண்டிருந்தார்கள். வெயிலும் இருந்தது, பனியும் இருந்தது. நாற்காலியைத் திருப்பினேன். அழுவாள், அழும்போது சரிவாள் என்று பயந்து வழக்கம்போல அவள் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். அவள் அழத்தான் செய்தாள். கண் மட்டும் காளியம்மாவின் கையை விட்டு நகரவில்லை. நல்ல கையான இடது கை, மடியில் இருந்த சால்வையைத் தானாகவே கிள்ளிக் கிள்ளி விட்டது. அதில் அதிசயம் இல்லை.

அப்போது என் விரலுக்கடியில் ஏதோ அசைந்தது.

வெளியே ஒன்றும் தெரியவில்லை. செத்த கை செத்தபடியே கிடந்தது. ஆனால் மணிக்கட்டுக்கு மேலே, நான் பிடித்திருந்த இடத்தில், தோலுக்குள் நரம்பு ஒன்று துள்ளியது. நின்றது. திரும்பத் துள்ளியது. என் கைதான் நடுங்குகிறது என்று நினைத்தேன். மூச்சை அடக்கிப் பார்த்தேன். காளியம்மா கிள்ளும்போது துள்ளியது. கைநிறையச் சேர்ந்ததைத் தோளுக்கு மேலாகக் கூடைக்கு எறியும்போது வேறு மாதிரி, நீளமாக இழுத்தது. அவள் கூடைக் கயிற்றைச் சரிசெய்ய நின்றபோது இதுவும் நின்றது. மலையில் ஒரு பெண் கொழுந்து கிள்ளுகிறாள். அறைக்குள், கண்ணாடிக்கு இந்தப் பக்கம், இன்னொரு பெண்ணின் செத்த கைக்குள் அது நடக்கிறது. நடுவில் கம்பி இல்லை, கயிறு இல்லை. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. மாதா கோயிலில்கூட நான் அப்படி நின்றதில்லை.

"மிஸ்" என்றேன். அவர் கையைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தேன். ஒரு மிஸ்ஸின் கையை நான் தொட்டது அந்த ஒரு தடவைதான்.

அவர் வெகுநேரம் வைத்திருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"அண்ணை, ஒருத்தர் ஒரு வேலை செய்யிறதை நாங்கள் பாக்கேக்க, எங்கட மண்டைக்குள்ள அந்த வேலையைச் செய்யிற இடமும் சேந்து எழும்புமாம். கைக்கு உத்தரவு மட்டும் போகாது. படிச்சிருக்கிறன், இப்பதான் தொட்டுப் பாக்கிறன்."

அன்றைக்குத்தான் என் பஸ் கதையையும் தேத்தண்ணிக் கதையையும் அவரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அது நோய் இல்லை, எல்லாருக்கும் உள்ளது, உங்களுக்குக் கொஞ்சம் வெளியில தெரியுது, அவ்வளவுதான் என்றார். நாற்பது வயதுக்கு மேல் எனக்கு என்னைப் பற்றி ஒரு நல்ல செய்தி கிடைத்தது.

மாதக் கடைசிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

ஆனால் மறுநாள் மலை வெறுமையாகிவிட்டது. சுற்று வேறு மலைக்குப் போய்விட்டது. இந்த மலையில் திரும்பக் கொழுந்து வர ஏழெட்டு நாள் ஆகும். சும்மா இருக்க என்னால் முடியவில்லை. தேயிலை வாதுகள், கொழுந்துள்ள சின்னக் கிளைகள், நாலைந்து ஒடித்து வந்து, ஒரு வாளியில் நட்டு, ஞானம்மா முன்னால் குனிந்து நின்று நானே கிள்ளிக் காட்டினேன். மிஸ் அவள் மணிக்கட்டில் விரல் வைத்திருந்தார். ஒன்றும் இல்லை. இன்னும் வேகமாகக் கிள்ளினேன். ஞானம்மாவின் வாய் ஒரு பக்கமாக விரிந்தது. சிரிக்கிறாள்.

"அண்ணே, கொழுந்தா எடுக்குறீங்க? கோழிக்கு எறகு பிடுங்குறீங்க."

வாதம் அடித்த பிறகு அவள் பேசிய முதல் நீளமான பேச்சு அதுதான். மிஸ் அதை எழுதிவைத்துக்கொண்டார். நான் தோட்டத்து லயத்தில் பிறந்தவன், ஆனால் என் பேர் பதிந்தது கவ்வாத்துக்கு, கத்தியால் செடியைக் குறைத்து வெட்டத்தான். நகம் படாமல், விரலும் பெருவிரலும் சேர்ந்து ஒரு சுண்டுச் சுண்டி, ஐந்தாறு கொழுந்தை உள்ளங்கையில் சேர்த்துக்கொண்டே அடுத்ததுக்குப் போகும் அந்த வித்தை எனக்குத் தெரியாது. அவள் கண்ணுக்கு அது தெரிந்துவிட்டது. கைக்கும் தெரிந்துவிட்டது. முப்பது வருஷம் செய்த வேலையைத்தான் அந்தக் கை அடையாளம் கண்டது.

சரி, தெரிந்தவர்களையே கூப்பிடுவோம் என்று சாயங்காலம் கொழுந்து நிறுவை முடிந்து போன காளியம்மாவையும் இன்னும் இரண்டு பேரையும் ஜன்னலுக்குக் கீழே கூட்டிவந்தேன். எடுத்து முடிந்த செடிகள். இருந்தாலும் அவர்கள் ஞானம்மாவுக்காக எடுப்பது மாதிரிச் செய்து காட்டினார்கள். அதே விரல், அதே வேகம், கூடைக்கு எறிவதும் அப்படியே. அவர்கள் கையில் மட்டும் கொழுந்து இல்லை. என் விரல் ஞானம்மாவின் மணிக்கட்டில் இருந்தது. ஒரே ஒரு தடவை துள்ளியது. அது காளியம்மா தப்பிக்கிடந்த ஒரு கொழுந்தைக் கண்டு, பழக்கத்தில் அதை உண்மையாகவே கிள்ளிய நேரம்.

மிஸ்ஸும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நடிப்புக்கு அந்தக் கை எழும்பவில்லை. உண்மையாகக் கொழுந்து வேண்டும், அதைக் கிள்ள வேண்டும், கூடைக்குப் போக வேண்டும். எல்லாக் கைகளும் இப்படி இருக்குமா என்று மிஸ்ஸுக்கும் தெரியவில்லை. இவளுடைய கை இப்படித்தான், அதை வைத்துப் பார்ப்போம் என்றார்.

இங்கேதான் பிள்ளைகளே, யோசித்து முடிவெடுக்க நேரம் இல்லாத இடம் வந்தது. அடுத்த சுற்று இந்த மலைக்கு வருவது டாக்டர் பார்க்கும் நாளுக்கு நாலு நாள் முன்னால். ஒரே நாளில் எடுத்து முடித்துவிட்டுப் போய்விடுவார்கள். ஒரு நாள் பார்த்து ஒரு கை திரும்பாது. நான் கங்காணியிடம் போனேன். போகும் வழியிலேயே இரண்டு தடவை திரும்பிவிட்டேன். கடைசியில் அவர் முன்னால் நின்று, ஜன்னலுக்குக் கீழே இரண்டு நிரையை மட்டும் எடுக்காமல் விடுங்கள், மூன்று பெண்கள் தினம் கொஞ்சம் கொஞ்சமாக அங்கே எடுக்கட்டும் என்று கேட்டேன். முற்ற விட்டால் கங்காணிக்குத்தான் ஏச்சு விழும். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, உனக்கு வாதம் மண்டையில அடிச்சிருக்கா என்று கேட்டார். பிறகு, எத்தனை நாளைக்கு என்றார். நாலு என்றேன். தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார். சரி என்று சொல்லவில்லை. ஆனால் சுற்று வந்த அன்று, பெண்களுக்கு நிரை பிரித்துக் காட்டும் அவருடைய கம்பு அந்த இரண்டு நிரையைக் காட்டவே இல்லை.

காளியம்மாதான் கணக்குக் கேட்டாள். அந்த நிரைக்கும் கூட்டம் எடுக்கும் மலைக்கும் நடந்து வருவதற்குள் கிலோ விழும். கிலோ விழுந்தால் அரைப் பேர்.

"அரைப் பேர யாரு தருவா அண்ணே? நீங்களா?"

"மிஸ் வாங்கித் தருவாங்க" என்றேன்.

மிஸ்ஸிடம் நான் ஒரு வார்த்தையும் கேட்டிருக்கவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன். காளியம்மா என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரி, வாரோம்" என்றாள்.

சுற்று போன மறுநாள் தொடங்கினோம். முதல் நாள் ஞானம்மா அரை மணி நேரம் பார்த்தாள். பார்த்து முடிந்த கையோடு மிஸ் ஒரு வாதை அவள் வலது கைக்குள் கொடுத்தார். விரல் அசைந்ததா இல்லையா என்று எங்களுக்குள் சண்டை. இரண்டாம் நாள் சண்டை இல்லை. பெருவிரல் மடங்கியது. மூன்றாம் நாள் பெருவிரலும் அடுத்த விரலும் ஒன்றையொன்று தேடின, தொட்டன, நழுவின. மரியா பள்ளிக்கூட உடுப்போடு வந்து நின்று பார்த்தாள். இது பார்ப்பதால் மட்டும் வந்தது என்று சொல்லக்கூடாது என்று மிஸ் எனக்குத் திரும்பத் திரும்பச் சொன்னார். வாதம் அடித்து இரண்டு மாதத்தில் தானாகவும் கொஞ்சம் திரும்பும் காலம் அது. சொல்லிவிட்டேன். நீங்களும் அப்படியே சொல்லுங்கள்.

வெளியே காளியம்மா கொழுந்தைச் சிக்கனமாக எடுத்தாள். கூட வந்த பெண் அவசரப்பட்டால், ஏய், நாளைக்கும் ஒரு கைக்கு வேணும்டி, திங்கிற மாதிரி எடுக்காத என்று அதட்டுவாள். நாலாம் நாளுக்கு அரை நிரை மிச்சம் இருந்தது.

அந்த நாலாம் நாள்தான் நான் முதலில் சொன்ன நாள்.

பெரிய டாக்டர் நல்ல மனுசர். நேரம் இல்லாத மனுசர். அவர் வருகிறார் என்று வார்டு நர்ஸ் ஒருத்தி அறையைச் சுத்தம் செய்து, நோயாளியைப் பார்க்கும்போது மறைவு வேண்டும் என்று ஜன்னலுக்கு ஒரு பெட்ஷீட்டைக் கட்டிவிட்டுப் போயிருந்தாள். நான் அடித்த அதே ஆணியில். ஆணியைப் பிடுங்காமல் விட்டது நான்தான்.

டாக்டர் சிங்களத்தில் அன்பாகத்தான் கேட்டார். கையைத் தூக்குங்கள், விரலை மடக்குங்கள். ஞானம்மாவுக்குப் புரிந்தது. முகம் சிவந்து கழுத்து நரம்பு புடைத்தது. கை மடியிலேயே கிடந்தது. திரும்பக் கேட்டார். நேற்று மடங்கிய பெருவிரலும் இன்று மடங்கவில்லை. மிஸ் ஆங்கிலத்தில் என்னவோ சொன்னார். டாக்டர் தலையாட்டிக் கேட்டுவிட்டு, கடிகாரத்தைப் பார்த்து, பேனாவின் மூடியைக் கழற்றினார். கணக்கப்பிள்ளை செக்ரோலைத் திறந்தார். மரியா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கைக்குள் ஒரு பள்ளிக்கூடக் கொப்பி சுருண்டுகொண்டே போனது.

பெரிய டாக்டர் அறையில் இருக்கும்போது என்னைப் போன்றவன் சொல்லாமல் எதையும் தொடக்கூடாது. என் கால் பிரேக்கிலேயே இருந்தது. அப்போது மிஸ் என்னைப் பார்க்கவில்லை, பெட்ஷீட்டைப் பார்த்தார். அவர் தோள் கொஞ்சம் அசைந்தது. அதைப் பார்த்துத்தானோ என்னவோ, நான் போய் அதை இழுத்து அறுத்தேன். ஆணியும் சேர்ந்து வந்து தரையில் விழுந்து சத்தம் போட்டது. டாக்டர் திரும்பினார்.

கீழே மூன்று பெண்கள் கடைசி அரை நிரையில் நின்றார்கள். எங்களை அவர்கள் பார்க்கவில்லை. குனிந்து வேலையில் இருந்தார்கள்.

நாற்காலியைத் திருப்பினேன். ஜன்னல் வழியாகக் கையை நீட்டி ஒரு வாது கேட்டேன். காளியம்மா ஒடித்து எறிந்தாள். அதை ஞானம்மாவின் மடியில் வைத்தேன். டாக்டருக்கு மிஸ் ஒரு வார்த்தைதான் சொன்னார். அவர் பேனாவைத் தாளுக்கு மேலேயே பிடித்துக்கொண்டு நின்றார்.

ஞானம்மா யாரையும் பார்க்கவில்லை. காளியம்மாவின் கையைப் பார்த்தாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று நான் எண்ணினேன். பதினேழு வரை எண்ணியது ஞாபகம். பதினெட்டாவது கொழுந்தைக் காளியம்மா வெளியே கிள்ளும்போது ஞானம்மாவின் வலது கை மடியில் ஊர்ந்தது. வாதைத் தேடியது. பெருவிரலும் விரலும் ஒரு இடத்தில் சந்தித்தன. நகம் படவில்லை. ஒரு சுண்டு. இரண்டு இலையும் மொட்டும் தனியாக வந்தது.

கை அதோடு நிற்கவில்லை. பழக்கம் அதைத் தோளுக்கு மேலே கூடைக்கு எறியச் சொன்னது போலிருந்தது. அவ்வளவு தூரம் தூக்க முடியாமல் பாதியில் விட்டது. கொழுந்து டாக்டரின் தாளில் போய் விழுந்தது.

இன்னும் இரண்டு கிள்ளினாள். நாலாவது நழுவியது. டாக்டர் தாளில் கிடந்த கொழுந்தை எடுத்துப் பார்த்தார். "ஹரி, ஹரி" என்றார், சரி சரி என்று. நான் பார்த்தது அவருடைய மற்றக் கையை. சட்டைப் பைக்குப் பக்கத்தில் பெருவிரலும் விரலும் சும்மா ஒட்டி ஒட்டி விலகின. அவருக்கே தெரிந்திருக்காது.

மூன்று மாதம் இலேசான வேலை, பிறகு திரும்பப் பார்ப்போம் என்று எழுதினார். பேர் வெட்டுப்படவில்லை. கணக்கப்பிள்ளை புத்தகத்தை மூடிக்கொண்டு, "அப்பச் சரி, தவறணையில போட்ருவோம்" என்றார்.

மிஸ்ஸுக்கு முகம் மாறிவிட்டது.

"இவவையோ? தவறணையிலயோ?"

எங்களுக்குத் தவறணை என்றால் தேயிலைக் கன்று வளர்க்கும் இடம். யாழ்ப்பாணத்தில் கள்ளு விற்கும் இடமாம். விளங்கியதும் மரியாதான் முதலில் சிரித்தாள். பிறகு ஞானம்மா, கோணல் வாயோடு. மிஸ்ஸும் சிரித்தார், சிரித்துக்கொண்டே சுவர்ப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மரியா பரீட்சை எழுதினாள். ஞானம்மா தவறணையில் கன்றுப் பைகளுக்கு மண் போட்டாள். வலது கை முழுசாகத் திரும்பவில்லை. கூடையும் அவள் திரும்பத் தூக்கவில்லை. இரண்டு வருஷம் தவறணையில் அவள் பேர் ஓடியது. மகள் படித்து முடிக்க அது போதுமாக இருந்தது.

எல்லாருக்கும் இப்படி நடக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். பிறகு ராகலையிலிருந்து ஒரு தையல்காரர் வந்தார், கால் விழுந்துபோய். ஆஸ்பத்திரித் துணி தைக்கும் அறையில் உட்காரவைத்தோம். மெஷின் மிதிக்கும் பெண்ணின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தவரின் பாதம் ஐந்தாம் நாள் தட்டியது. ஆனால் இறம்பொடையிலிருந்து கை விழுந்து வந்த மேசன் ஒருவரை, புது வார்டு கட்டுமிடத்தில் ஒரு மாதம் கொண்டுபோய் வைத்தேன். ஒரு விரலும் எழும்பவில்லை. போகும்போது, காத்தாட வெளிய வச்சிருந்தீங்களே, அதுக்குப் புண்ணியம் என்றார். ஏன் அவருக்கு வந்தது, இவருக்கு வரவில்லை என்று எனக்குத் தெரியாது. மிஸ்ஸுக்கும் தெரியவில்லை.

நான் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். நோயாளி எதைப் பார்க்கக்கூடாது என்று நீங்களாக முடிவெடுக்காதீர்கள். அழுதால் அழட்டும், பக்கத்தில் நில்லுங்கள். மணிக்கட்டில் விரலை வைத்திருங்கள். கண்ணுக்குத் தெரியாதது விரலுக்குத் தெரியும். நீங்கள் அவர்கள் முன்னால் எதைச் செய்தாலும் உண்மையாகச் செய்யுங்கள். நாற்காலியைத் தள்ளும்போதும், போர்வையை மடிக்கும்போதும், அந்தக் கட்டிலிலிருந்து ஒரு கை உங்களோடு சேர்ந்து செய்துகொண்டிருக்கலாம்.

சம்பளம் வந்ததும் நான் காசைக் கவரில் போட்டுக்கொண்டு காளியம்மாவைத் தேடிப் போனேன். மிஸ் தந்தது என்று சொல்வதாக நினைத்திருந்தேன். வாயைத் திறக்குமுன் அவளே சொன்னாள்.

"மிஸ்ஸுக்குத் தெரியாதுனு எங்களுக்கு அன்னிக்கே தெரியும் அண்ணே. நீங்க பொய் சொன்னப்ப எனக்குல்ல தொண்டை அடச்சிச்சு."

கவரை நீட்டினேன். வாங்கவில்லை.

"வச்சிக்கிங்க. பாக்கி இருந்தாத்தான் அந்த ஜன்னல மறைக்காம வச்சிருப்பீங்க."

ஒவ்வொரு வருஷமும் கேட்டேன். ஒவ்வொரு வருஷமும் அதே பதில். நான் ஓய்வு பெற்ற அன்றும் ஜன்னல் திறந்திருந்தது. இனி அது உங்கள் பொறுப்பு, அதனால் கணக்கையும் எழுதிவைக்கிறேன். மூன்று பெண்கள், நாலு நாள், பன்னிரண்டு அரைப் பேர். சேர்த்தால் ஆறு பேர். அப்போது ஒரு பேருக்கு நூற்றிருபது ரூபாய்ச் சொச்சம். சொச்சத்தை விட்டுவிட்டால், எழுநூற்று இருபது ரூபாய் பாக்கி.